அந்த ஊர்க் காற்று

ஆடி 22, புதன்

அங்கே: தெ.மே. காற்று 55 கி.மீ. மழை இல்லை. வறண்ட வானிலை. அடிக்கட்டும். நன்றாக அடிக்கட்டும். முற்றமெல்லாம் மணல் வாரிக் கொட்டட்டும். சோற்றில் கடிபடட்டும்.

இங்கே: காலையில் மப்பு. பத்து மணிக்கு மேல் வெயில். காற்று சுமார்.

இரண்டு வருடமாக இப்படித்தான். முதல் வரி அங்கே, இரண்டாவது வரி இங்கே. ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை, இது என் நோட்டு. மகள் எங்களுக்குச் சொல்லாமல் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த கடற்கரை ஊர் அது. ஊர்ப் பெயரையும் எழுதுவதில்லை, அவள் பெயரையும் எழுதுவதில்லை. போன இடத்தின் லட்சணம் பதிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பச்சை கிடையாது, வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் கிடையாது. உப்பும் காற்றும். பரமத்தி வேலூர் ஆற்றங்கரையில் வாழைக்கும் தென்னைக்கும் நடுவே வளர்ந்தவளுக்கு அது போதும் என்றால் போதும்.

வேலை: வாழைக்கு முட்டுக் கொடுத்தது. கிழக்குப் பக்கம் முடிந்தது. மேற்கே இன்னும் அறுபது மரம். சவுக்குக் கம்பு கொண்டுவந்தவன் பாதிக்கு மேல் கோணல் கம்பாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கேட்டால் "நட்டா நேராயிருமுங்க" என்கிறான்.

மயில் ஏழு. நிலக்கடலையைக் கிளறித் தின்கிறது. துரத்தினால் பறந்து போய்த் தங்கவேல் காட்டு வேலியில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. அவனும் அப்படித்தான் பார்ப்பான்.

தங்கவேல், என் சித்தப்பா மகன். பக்கத்து வீடு. நெல் காயப்போடும் சிமென்ட் களம் இரண்டு வீட்டுக்கும் பொது. நடுவில் சிவப்புப் பெயின்டில் கோடு. கோடு போட்டது அவன்.

மகன் பூபதி கல்யாணம், ஆவணி இரண்டாம் முகூர்த்தம். இதுவரை:

மண்டபம் – ஆச்சு
மேளம் – சொல்லியாச்சு
சமையல் – ஆள் நாளைக்கு வருகிறான்
மிளகாய், மல்லி – வீட்டுக்காரி சரசு காயவைத்து அரைக்க வேண்டும்
பத்திரிகை – அச்சுக்குப் போகவில்லை
இணைச்சீர் – தங்கவேல் மகள் ரம்யா

ரம்யாவே போதும். மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ பக்கத்தில் நின்று கூறைச்சேலையைப் பிடிக்க வேண்டும், அந்தச் சீர் முடியாமல் நம் கல்யாணத்தில் தாலியைத் தொட முடியாது. கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி மகள் நிற்பது எங்கும் உண்டு. நமக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தங்கவேலிடம் போய்க் கேட்டது நான். அது ஒன்றுதான் உறுத்தல்.

ஆடி 23, வியாழன்

அங்கே: 58. மழை இல்லை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை.

இங்கே: வெயில். புழுக்கம்.

காலை ரேடியோவில் அந்தப் பெண் மறுபடியும் "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு" என்றாள். எந்த ஓரிரு இடம்? பெயர் சொல்ல வாய் வலிக்கிறதா? இருபது வருடமாகத் தகர டப்பாவில் மழை பிடித்து அளந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட "ஓரிரு" என்று எழுதியதில்லை. அதனால்தான் ஊரில் யார் எதைக் காயப்போட்டாலும் முதலில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ரேடியோவைக் கேட்பதில்லை.

இரண்டு வருடமாகப் போன் வேறு. பூபதி வானிலை பார்க்க வேலூரைப் போட்டுக் கொடுத்தான். மூலையில் ஒரு கூட்டல் குறி. அதை அழுத்தி அந்த ஊரைத் தட்டிச் சேர்த்தது நானே. யாருக்கும் தெரியாது. சேர்த்த ஊர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, அந்த ஊர்க்காரர்கள் குணம். விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் வேலூர் வரும்.

மத்தியானம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சரசு போனில் மகளிடம். நான் தோட்டத்தில் இருப்பதாக நினைப்பு.

"காத்து பலமா இருந்தா மேல ஏத்த மாட்டாங்களா? கீழயே உக்கார வெச்சுருவாங்களா? அப்பச் சரி சாமி. நீ நேரத்துக்குச் சாப்புடு."

மகளைக் கட்டினானே, அவன் காற்றாலை ரிப்பேர் பார்க்கிறவன். தென்னை மாதிரி மூன்று பங்கு உயரத்தில் ஏறித் தொங்குகிற வேலை. படித்த படிப்புக்கு வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது. காற்று ஓங்கி அடித்தால் ஏற்ற மாட்டார்களாம். குறைந்தால் ஏற வேண்டுமாம். எனக்கென்ன.

சமையல்காரன் வரவில்லை. போன் போட்டால் "வந்துட்டே இருக்கறனுங்க" என்றான். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் வந்துகொண்டே இருந்தான்.

ஆடி 24, வெள்ளி

அங்கே: 25. திடீரென்று இறங்கிவிட்டது.

இங்கே: அதே வெயில்.

சரியில்லாத நாள். காலை இட்லி கல். சட்னியில் உப்பு இல்லை. சொன்னால் "நேத்தும் இதே இட்லிதானுங்க, தின்னீங்களே" என்கிறாள் சரசு. மோட்டார் இரண்டு தடவை நின்றது. கம்புக்காரனிடம் சண்டை. சமையல்காரனிடம் சண்டை. வந்தது முதல் முப்பது வகைப் பெயர் சொல்கிறான், எதையும் எப்படிச் செய்வான் என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் போனை நாலு தடவை பார்த்தேன். 25. 24. 24. 26.

சோறு இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

ஆடி 25, சனி

அங்கே: 60. ஏறிவிட்டது. மழை இல்லை, மூன்று நாளைக்கு வறண்ட வானிலை. அடிக்கட்டும்.

இங்கே: (பார்க்கவில்லை.)

காலை இட்லி நன்றாக இருந்தது.

பூபதி சாயங்காலம் நாமக்கல்லிலிருந்து வந்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. வந்தவன் கைகால் கழுவவில்லை, காப்பி குடிக்கவில்லை, நேரே என் முன்னால் வந்து நின்றான். அங்கிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"அப்பா, ரம்யா நல்ல புள்ளதானுங்க. ஆனா அது எங்கக்கா இல்லீங்களே."

"உனக்கு அக்கா இல்லடா."

"நீங்க சொன்னா இல்லாம போயிருமுங்களா? அக்கா பக்கத்துல நிக்காம நான் மணவறையில உக்கார மாட்டனுங்க. பத்திரிகைய அச்சுக்குக் குடுக்காதீங்க."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. அவன் குரலை உயர்த்தவே இல்லை, அது இன்னும் எரிச்சல். சரசு அடுப்படி வாசலில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத் தங்கவேல் வாசலில்.

"ஏனுங்ணா, நாளைக்கு மாமனாரூட்டுக் கோயில்ல கெடா வெட்டுங்க. எல்லாரும் போறமுங்க. கொப்பரை களத்துல கெடக்குது. மழை கிழை வருங்களா?"

அவனைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். போனை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே சொன்னேன். "மூணு நாளைக்கு ஒரு சொட்டு இல்ல. வறண்ட வானிலை. போய்ட்டு வா."

"அப்ப மூடி வெக்காட்டியும் பரவாயில்லீங்களா?"

"எதுக்கு மூடறே? வேர்க்க வெக்கறதுக்கா?"

சரசு உள்ளேயிருந்து, "அப்ப மொளகாயும் மல்லியும் வெளியவே கெடக்கட்டுங்களா?"

"கெடக்கட்டும்."

தங்கவேல் போனான். பூபதி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். வீம்புக்குத்தான்.

ஆடி 26, ஞாயிறு

இங்கே: மழை. ஒன்றரை மணி நேரம். டப்பா வழிந்துவிட்டது, அளவு இல்லை.

அங்கே: 60. வறண்ட வானிலை.

காலையில் தங்கவேல் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். பூபதி பேசாமல் நாமக்கல் பஸ் ஏறினான். சரசு ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்க வேலூருக்குள் போனாள். நான் மேற்கு வாழையில், மீதி அறுபது மரத்துக்கு முட்டு.

மூன்று மணி சுமாருக்கு மேற்கே கறுத்தது. குனிந்து வேலை பார்த்ததில் கவனிக்கவில்லை. மண் வாசம் மூக்கில் ஏறியதும்தான் தலையில் அடித்த மாதிரி உறைத்தது. நேற்று போனைத் தள்ளவில்லை. வேலூருக்குத் தள்ளாமல், அந்த ஊரைப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

ஓடினேன். இந்த வயதில், வரப்பில், சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு. களத்துக்கு வந்தபோது பெரிய பெரிய சொட்டாக விழ ஆரம்பித்திருந்தது. தங்கவேல் பக்கம் முழுவதும் கொப்பரை, வெள்ளை வெளேரென்று, நாலு நாள் வெயில் பட்டுச் சிரட்டை எடுத்த பருப்பு. என் பக்கம் மிளகாய், மல்லி. தார்ப்பாய் தங்கவேல் கொட்டகையில். கொட்டகைக்குப் பூட்டு. போன வருடம் அவனைக் கேட்காமல் தார்ப்பாயை எடுத்து என் சோளத்தை மூடினேன், அதற்காகப் போட்ட பூட்டு. பூட்டைப் பிடித்து ஆட்டினேன். நல்ல பூட்டு.

கூடையில் வாரினேன். எதை முதலில்? என் மிளகாயை வாரினால் ஊர் பேசும். அவன் கொப்பரையை வாரினேன். மூன்று கூடை தாழ்வாரத்தில் கொட்டியதோடு சரி, அதற்குமேல் மழை விடவில்லை. மிளகாய் ஊறிச் சிவப்புத் தண்ணீர் ஓடி, பெயின்ட் கோட்டைத் தாண்டி, கொப்பரைக்குள் புகுந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓரிரு இடம் என்றால் எங்கள் களம்தான் போல.

சரசு நனைந்துகொண்டே வந்தாள். களத்தைப் பார்த்தாள். கல்யாண மிளகாய்.

ஆடி 27, திங்கள்

இங்கே: வெயில். இப்போது வருகிறது வெயில்.

அங்கே: பார்க்கவில்லை. போன் என் கையில் இல்லாத நேரத்தில் நடந்தது கீழே.

காலை எட்டு மணிக்குக் களத்தில் தங்கவேல், அவன் மனைவி, தேங்காய் உடைக்க வரும் இரண்டு பெண்கள். கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி இப்போதே கறுப்பு. நாளைக்குப் பூசணம் பிடிக்கும். நான் வேறு பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. போய் நின்றேன்.

"ஏனுங்ணா, ஒரு சொட்டு இல்லீன்னு சொன்னீங்களே."

"போன்ல அப்படித்தான் போட்டிருந்தான். போன்காரன் பொய் சொன்னா நானென்ன பண்றது?"

அங்கேதான் கெடுத்தேன். தப்பு நடந்துபோச்சு என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வானிலை விஷயத்தில் தப்பு என்று இருபது வருடத்தில் சொன்னதில்லை, வாய் வரவில்லை.

"காட்டுங்க பாக்கலாம். என்ன போட்டிருக்கான்னு நானும் பாக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

அவன் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். பையிலிருந்து! சித்தப்பா இருந்திருந்தால் கையை முறித்திருப்பார். திறந்தான். முதலில் வந்தது அந்த ஊர். பெயரைச் சத்தமாகப் படித்தான், களம் முழுக்கக் கேட்கிற மாதிரி. காற்று இத்தனை, மழை இல்லை, வறண்ட வானிலை. எல்லாம் படித்தான்.

தேங்காய் உடைக்கிற பெண்களில் ஒருத்தி, "அது நம்ம –––– அம்மிணி இருக்கற ஊருங்களாச்சே" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அவளை அந்த இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பும் உரிமை எனக்கு இல்லை, தங்கவேல் ஆள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

தங்கவேல் போனை என் கையில் வைத்தான். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கொப்பரை போனாப் போவுதுங்ணா. அதை நான் கேக்க மாட்டேன். ஆனா தெனமும் பாக்கறது உங்க புள்ள ஊரு, கல்யாணத்துல நிக்கறது எம்புள்ளையாங்க? எங்க ஊட்டுப் புள்ளயப் பொம்மையாட்டம் நிறுத்தப் பாத்தீங்க. ரம்யா நிக்காதுங்க. உங்க புள்ளயவே கூட்டியாந்து நிறுத்துங்க."

அவ்வளவு கோபத்திலும் ஒரு "ங்க" விடவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஆடி 28, செவ்வாய்

அங்கே: 57.

இங்கே: வெயில். மப்பு இல்லை. காற்று லேசு.

டீக்கடை. உட்காருவதற்கு முன்பே, "அண்ணா, கடல் இன்னைக்கு எப்படீங்க?" கேட்டவன் மூன்று மாதம் முன்பு வரை என்னிடம் மழை கேட்டு எள் விதைத்தவன். இன்னொருவன், "மீனவர்கள் போலாமுங்களா?" டீயைக் குடிக்காமல் வந்தேன். இனி அந்தக் கடை கிடையாது. அடுத்த கடை ஒரு மைல். நடக்கலாம், உடம்புக்கு நல்லது.

சரசு மிளகாயைக் கொட்டிவிட்டாள். மல்லி முளை விடுகிறது. புதிதாக வாங்க வேண்டும். இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டிவிட்டால் தேவலை.

"ரெண்டு வருசமாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன ரெண்டு வருசம்?"

"ஒண்ணுமில்லீங்க." போய்விட்டாள்.

ஆடி 29, புதன்

அங்கே: 54.

இணைச்சீருக்கு வேறு ஆள்:

ஆட்டையாம்பட்டி – பெரியப்பா பேத்தி. போன் போட்டேன். "பரிட்சை இருக்குதுங்க" என்றாள். ஆவணியில் என்ன பரீட்சை.

பள்ளிபாளையம் – பெரியப்பா மகனின் மூத்த மகள். நன்றாகப் பேசினாள், உடம்பு எப்படி என்று கேட்டாள், வாழை எப்படி என்று கேட்டாள். கடைசியில், "கூடப்பொறந்த அக்கா உசுரோட இருக்கறப்ப நான் நிக்கறது நல்லா இருக்காதுங்க. கொப்பரை சேதி கேட்டமுங்க" என்றாள்.

பள்ளிபாளையம் வரை போய்விட்டது கொப்பரை. ஆற்றோடு போயிருந்தால்கூட இவ்வளவு வேகத்தில், அதுவும் எதிர்த் திசையில், போயிருக்காது.

வேறு யாரும் இல்லை.

பூபதிக்குப் போன் போட்டேன். "ரம்யா நிக்கலீன்னா கல்யாணத்தைத் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றான். பெண் வீட்டார் திருச்செங்கோட்டுக்காரர்கள், ஒரு தேதி மாற்றினால் ஏழு கேள்வி கேட்பார்கள். அதைச் சொன்னேன். "கேக்கட்டுமுங்க, சொல்லிருங்க" என்றான். என்னைப் போலவே பேசுகிறான். பிள்ளைகள் இரண்டும் என் வீம்பைத்தான் எடுத்துக்கொண்டன, என் நிலத்தை எடுத்துக்கொள்ள ஒன்றும் வரவில்லை.

ஆடி 30, வியாழன்

அங்கே: 52. குறைகிறது.

இங்கே: மழை இல்லை என்று நானே வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை.

தங்கவேல் கொப்பரையில் நல்லதைப் பொறுக்கித் தனியாகக் குவித்திருக்கிறான். கறுத்தது பெரிய குவியல். ஞாயிற்றுக்கிழமை நான் வாரிக் கொட்டிய மூன்று கூடையும் தாழ்வாரத்தில் அப்படியே காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் வெயிலில் வேலை இல்லை. பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். முதல் வருடம், இரண்டாம் வருடம். ஒரு நாள் விடாமல் அங்கே, அங்கே, அங்கே. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாளிலும் கோணல் எழுத்தில் "அங்கே: 48".

ஒன்று தெரிந்தது. எழுதிவிடுகிறேன், எழுதித் தொலைத்தால்தான் தீரும். காற்று ஐம்பதுக்கு மேல் போன நாள்களில் நான் எழுதியிருப்பது வாழை, மாடு, உரம், நல்ல சாப்பாடு. காற்று குறைந்த நாள்களில் சண்டை. கம்புக்காரனிடம், சரசுவிடம், மோட்டாரிடம். ஒரு பக்கத்தில் ரேஷன் கடையில் எடை போடுகிறவனிடம். காற்று குறைந்தால் அவன் மேலே ஏறுவான் என்று சரசு போனில் பேசியது போன வாரச் சேதி இல்லை, முதல் வருடமே என் காதில் விழுந்திருக்கிறது. அங்கே அடிக்கட்டும், அடிக்கட்டும் என்று நான் எழுதியதெல்லாம் சாபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவனுக்கு ஒன்று ஆனால் அவள் என்ன செய்வாள் அந்த உப்புக் காட்டில். அந்தப் பயம்தான். வேறொன்றுமில்லை. அவன்மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது.

ஆடி 31, வெள்ளி

அங்கே: 31. நாளைக்கு இன்னும் குறையும் என்று போட்டிருக்கிறான்.

இங்கே: ஆடி கடைசி வெள்ளி. கோயிலில் கூழ். போகவில்லை. போனால் கடல் எப்படி என்று கேட்பார்கள்.

அச்சகத்தான் வந்தான். "பத்திரிகை இன்னைக்குக் குடுத்தாத்தானுங்க ஆவும்." திங்கள் வரை பொறு என்றேன். முகத்தைச் சுளித்தான். போகும்போது வாசலில் சரசுவிடம், "இணைச்சீருக்கு ஆள் இல்லீங்களாமா?" அச்சகத்தானுக்கு எதற்கு அது? அச்சடிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்லிக் கத்தினேன்.

சரசு ஒரு வழியாகத் திட்டினாள். சாயங்காலம், மாடு கட்டும்போது.

"எத்தன நாளைக்குங்க இப்படி? காத்தைப் பாக்கறதுக்குப் போன் இருக்குது, புள்ளகிட்டப் பேசறதுக்குப் போன் இல்லீங்களா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. தெரியாதது அவளுக்கு மட்டுந்தான்."

"நீ சொல்லியிருப்பயே."

"சொல்லலீங்க. நீங்க சொல்லோணும்."

மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே போனாள். கயிறு சரியாக இறுகவில்லை, மறுபடியும் நான் கட்டினேன்.

ஆவணி 1, சனி

காலை ஆறு மணி, தூத்துக்குடி: 18 கி.மீ.

எழுதிவிட்டேன். களத்தில் ஊரே கேட்ட பெயர், இந்த நோட்டில் ஒளித்து என்ன ஆகப் போகிறது.

இங்கே: தெளிந்த வானம்.

பத்தேகாலுக்கு என் போனிலிருந்து போட்டேன். சரசு பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, காதை இங்கே வைத்துக்கொண்டு.

"ஆருங்க?"

"நாந்தான்."

போன் போட்டால் எப்போதும் பின்னால் காற்று இரையும் என்று சரசு பூபதியிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

"நம்பர அழிச்சுப்போட்டனுங்க. அதான் தெரியல. சொல்லுங்க."

அம்மிணி என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. நேரே விஷயத்துக்குப் போனேன். "பூபதி கல்யாணம். இணைச்சீருக்கு நீ வந்து நிக்கோணும்."

"ரம்யா நிக்கறான்னு அம்மா சொன்னாங்களே."

"அவ நிக்கல."

"ஏனுங்க?"

கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தேன்.

"பள்ளிபாளையத்துல கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஆட்டையாம்பட்டியில?"

"கேட்டேன்."

"அப்ப வேற ஆள் கெடைக்கலீன்னு என்னையக் கூப்புடறீங்க."

குரல் உடையவில்லை, உயரவில்லை. பூபதி மாதிரியே. என்னை மாதிரியே. இல்லை என்று சொல்ல வேண்டும், ஆனால் அவள் சொன்னது நடந்த வரிசைப்படி சரி. இரண்டு வருடம் அவளைத் திட்ட வைத்திருந்த ஒரு வார்த்தையும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

சரசு கீரையைப் போட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். "கண்ணு, கேளு. உங்கொப்பன் உங்க ஊரு காத்தைப் பாத்துட்டு இங்க மழை பேயாதுன்னு சொல்லி, தங்கவேல் சித்தப்பன் கொப்பரையெல்லாம் பூசணம் புடிச்சுப்போச்சு. அதுக்குத்தான் ரம்யா நிக்க மாட்டேன்னுட்டா. ஊரே சிரிக்குது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நீ போன நாள்ல இருந்து நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கறாரு. நான் படிச்சேன்."

படித்திருக்கிறாள்! எங்கே வைத்தாலும் படித்திருக்கிறாள். இனி இதைப் பூட்டி வைக்க வேண்டும். தங்கவேலிடம் அந்தப் பூட்டு எங்கே வாங்கினான் என்று கேட்க வேண்டும்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அதே பழைய குரல், சரசு காதிலிருந்து எனக்கே கேட்டது.

"நாங்க ரெண்டு பேரும் வாரோம். அவர் பின்னால உக்கார மாட்டாரு, முன்வரிசைலதான். ரெண்டு பேருன்னு அந்த நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்கம்மா."

வைத்துவிட்டாள். அப்பாவிடம் கொடு என்று சொல்லவில்லை. என்ன திமிர்.

எழுதுகிறேன்.

பத்திரிகை – அச்சகத்தானுக்கு இன்றே சொல்ல வேண்டும்
மிளகாய் – புதிதாக, சந்தையில்
தங்கவேல் – நேரில் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும் (நாளைக்கு)
இணைச்சீர் – கோகிலா
முன்வரிசை –

பெயர் தெரியவில்லை. இரண்டு வருடமாக "அவன்" தான். சரசுவைக் கேட்டேன். கீரையிலிருந்து நிமிராமல் சொன்னாள்.

முன்வரிசை – முத்துராஜ்

மணி பதினொன்று. மறுபடியும் போனைப் பார்த்தேன். தூத்துக்குடி: 16. இந்நேரம் மேலே ஏறியிருப்பான். எத்தனை நாள் அடித்த காற்று, இன்றைக்கு ஒரு நாள் அடித்துத் தொலைத்தால் என்ன.